சட்டைப் பையில் இருந்த அரளிப்பூ

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்குள் என் மகளின் கல்லூரி விருப்பப் பட்டியலை இணையத்தில் பூட்டியாக வேண்டும். காலை பத்து மணிக்குத் தேவாரம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை இதுவரை நானாக யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூட இன்றுவரை தெரியாது. பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் திராட்சை விவசாயி. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஒரே மகள். சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் என் பின்னாலேயே சுற்றியவள். நான் எது செய்தாலும் தானும் செய்து பார்ப்பாள். எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலையாளிடம் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டதா என்று கேட்டால், பாய்ச்சினாலும் பாய்ச்சாவிட்டாலும் ‘ஆச்சு’ என்றுதான் பதில் வரும். அதனால் நான் கேட்பதை விட்டுவிட்டேன். நேராகப் போய்ப் புறங்கையை மோட்டார் மேல் வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் ஓடியிருக்கிறது. ஜில்லென்று இருந்தால் ஆள் வேப்ப மரத்தடியில் படுத்திருந்திருக்கிறார். என் மகளும் ஆறேழு வயதிலேயே என்னைப் பார்த்து அதே மாதிரி புறங்கையை வைக்கக் கற்றுக்கொண்டாள்.

அவள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது பக்கத்து வயலில் நெல்லுக்கு மருந்தடிக்க ட்ரோன் கொண்டு வந்தார்கள். அக்கம்பக்கம் எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். மருந்தடித்து முடிந்ததும் மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். இவள் மட்டும் வரப்பிலேயே நின்றுகொண்டு, தொட்டியில் மருந்து குறையக் குறைய அது எப்படி ஆடாமல் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று ஓட்டியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, விமானப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்றாள். குழந்தை ஏதோ சொல்கிறது என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் சென்னையில் எல்லாரும் ஆசைப்படுகிற இடத்துக்கு அது பத்தாது. மார்க் வந்த நாளிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் யோசனை சொன்னார்கள். உரக்கடையில் ஒரு யோசனை, முடிவெட்டுகிற கடையில் ஒரு யோசனை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் இறங்கும் அவசரத்திலும் ஒரு கல்லூரி பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். என் மனைவியின் அண்ணன் தேனி பஜாரில் பைப், பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அவர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

“மாப்ள, மெக்கானிக்கல்னா நாளைக்கு எங்கன வேணும்னாலும் நுழையலாம். ஏரோன்னா ஏரோப்பிளேன் இருக்குற எடத்துக்குத்தான போகணும். மொதல்ல இத முடிக்கட்டும். ஆசைப்பட்டா அப்புறம் மேல அதப் படிச்சுக்கிரட்டும்.”

மச்சான் சொன்னதில் தப்பில்லை. விவரம் தெரிந்த வாத்தியார் ஒருவரும் பிறகு அதையேதான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த யோசனை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. என் மகளுக்குக் கிடைக்கக்கூடிய ஏரோ கல்லூரி கோயம்புத்தூரையும் தாண்டி இருந்தது. மெக்கானிக்கல் கல்லூரி மதுரைப் பக்கம் இருந்தது. மதுரை என்றால் காலையில் பஸ் ஏறி, பிள்ளையைப் பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். அதுதான் என் கணக்கு. அதை வெளியே சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. அதனால் மச்சான் சொன்ன வேலைவாய்ப்பு, பொதுப் படிப்பு என்ற பேச்சையெல்லாம் என் பேச்சாகப் பேச ஆரம்பித்தேன்.

அவளோ நேரில் பார்க்காமல் எந்தக் கல்லூரியையும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பதினொரு நாளில் ஆறு கல்லூரி பார்த்தோம். அது திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டுகிற நேரம். தோட்டத்தை வேலையாளிடம் விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். ஒன்றைத் தவிர எல்லாக் கல்லூரியிலும் ஏசி அறை, எல்லா அறையிலும் ஒரே மாதிரிப் பேச்சு, கையில் வழவழப்பான பேப்பரில் அச்சடித்த ஒரு புத்தகம். மூன்றாவது கல்லூரிக்குப் பிறகு எது எந்த ஊர் என்றே எனக்குக் குழம்பிவிட்டது. விடுதியில் தண்ணீர் வருகிறதா, வார்டன் யார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கே நாற்காலி கிடைத்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கையில் ஒரு நீல அட்டை நோட்டு. என்னென்னவோ கேட்டு எழுதிக்கொண்டே வருவாள். இந்தத் துறைக்கு எத்தனை ஆசிரியர்கள், அவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், போன வருடம் மாணவர்கள் தாங்களாக என்ன செய்தார்கள் என்று கேட்பாள். பதில் சொல்கிறவர்கள் முதலில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள். ஆய்வகத்துக்குள் போனால் எதையாவது தொட்டுக்கொண்டே நடப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

“கைய வைக்காத ஆத்தா. ஏதாச்சும் சொல்லப் போறாக” என்பேன். கேட்க மாட்டாள்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியின் வாசலில் ஒரு பழைய நிஜ விமானத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். நானும் அவளை நிற்க வைத்து எடுத்தேன். டயரில் காற்றில்லாமல் அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை வீட்டுக்கு வந்து போட்டோவில்தான் கவனித்தேன். உள்ளே, காற்றைச் சுழற்றிவிட்டு விமான இறக்கையைச் சோதிக்கிற பெரிய கூண்டு ஒன்று இருக்கிறதாம். அந்த அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாணவியிடம் பேசி, அவள் போன் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

மதுரைப் பக்கத்துக் கல்லூரியில் வரவேற்க ஆள் இல்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் தானாக விசாரித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் போனாள். போனவள் ஒரு மணி நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது புறங்கையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

கடைசியில் இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் என்று ஒன்று கொடுக்க வேண்டும். பட்டியலில் முதலில் எழுதியது கிடைத்தால், கம்ப்யூட்டர் இரண்டாவதைத் திரும்பிப் பார்க்காது. அவளுடைய தரவரிசைக்கு இரண்டுமே கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவே ஒன்றாம் எண்ணில் எதை எழுதுகிறோமோ அதுதான் அவள் படிப்பு. ஒரு வாரம் எங்கள் வீட்டில் இதே பேச்சு. நான் மெக்கானிக்கல் என்பேன். அவள் ஏரோ என்பாள். அவள் காரணம் சொல்வாள். நான் மச்சான் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன். பேசிப் பேசி இரண்டு பேரும் களைத்துப் போனோம். வெள்ளிக்கிழமை என் மனைவி தோசைக் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ரெண்டு பேரும் இப்படியே இருந்தா நாள் ஓடிப்போகும். நாளைக்குக் கோயிலுக்குப் போயிப் பூக் கேட்டுட்டு வாங்க. அவுக என்ன சொல்றாகளோ அத எழுதுவோம்.”

‘அவுக’ என்றால் சாமி. எங்கள் வகையறாவில் கல்யாணம், கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது எதற்கும் பூக் கேட்பதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. மடித்துச் சாமி காலடியில் வைப்போம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எடுத்த பூதான் சாமியின் பேச்சு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் மெக்கானிக்கல், சிவப்பு வந்தால் ஏரோ என்று பேசி வைத்தோம். மகள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துவிட்டு, சரி என்றாள்.

மறுநாள் மனைவிக்குத் தோட்டத்து ஆட்களுக்குச் சோறு கொண்டு போகிற வேலை. அதனால் நானும் மகளும் மட்டும் வண்டியில் போனோம். கிளம்புகிற நேரத்தில் அவள் அம்மாவின் போனில் யாருடனோ வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்கவில்லை. கோயில் வாசலில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பூத்துக் கிடந்தன. அவள் ஓடையில் கால் கழுவப் போனாள். நான் வெள்ளைப் பூ நாலைந்து, சிவப்பு அரளி ஒன்று பறித்தேன். மடிக்க வெற்றிலை வாங்க மறந்திருந்தேன். பையில் அந்தக் கல்லூரிகளின் வழவழ புத்தகம் இருந்தது. ஏரோ கல்லூரியின் புத்தகத்தில் இரண்டு தாள் கிழித்தேன்.

முதல் தாளில் வெள்ளைப் பூ வைத்து மடித்தேன். இரண்டாவது தாளை எடுத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திட்டம் போட்டெல்லாம் நான் வரவில்லை. பதினொரு நாள் பஸ்ஸும், ஒரு வாரச் சண்டையும், முழங்கால் வலியும் சேர்ந்து, போதும் சாமி, இது இன்றோடு முடியட்டும் என்று மட்டும் இருந்தது. என் கை தானாக இரண்டாவது தாளிலும் வெள்ளைப் பூவையே வைத்தது. அரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கை தானாக வைத்தது என்று எழுதுகிறேனே, அதுவும் பொய்தான். நான்தான் வைத்தேன்.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். “வெள்ளப் பூ குடுத்துருக்காக” என்று விபூதி கொடுத்தார். மற்றப் பொட்டலத்தை மகளிடம் கொடுத்து ஓடையில் விடச் சொன்னார். அவள் போய் விட்டுவிட்டு வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயம். பக்கவாட்டில் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, “போவோம்ப்பா” என்றாள்.

உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரும்வரை நான்தான் பேசினேன். வழியில் வாழைத் தார் பார்த்து ஏதோ சொன்னேன். வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்றேன். ஓர் இடத்தில் வண்டியை நிறுத்திப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். “வேற ஏதும் சொல்லணுமாப்பா” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

கம்பத்தில் இ-சேவை மையத்தில் நல்ல கூட்டம். ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் பட்டியலை ஏற்றினாள். ஒன்றாம் எண்ணில் மதுரைப் பக்கத்து மெக்கானிக்கல். இரண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஏரோ. மகளின் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. பட்டியலைப் பூட்ட என் போனுக்கு ஓடிபி வரும் என்றாள் அந்தப் பெண். பதிவு செய்திருந்தது என் எண்.

போன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். போனோடு அந்த அரளிப்பூவும் வந்தது. கசங்கி, வியர்வையில் நனைந்து, கீபோர்டு மேல் விழுந்தது.

“சார், பூவு” என்று அந்தப் பெண் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “ஓடிபி சொல்லுங்க, டைம் போயிரும்” என்றாள்.

நான் போனைப் பார்க்கவே மறந்துவிட்டேன். என் மகள் அந்தப் பூவையே பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஓடையில போட்டதுமே அந்தத் தாளு மடிப்பு விட்டுருச்சுப்பா. வெள்ளப் பூதான் மெதந்துச்சு. நீங்களா சொல்லுவீகன்னு கம்பம் வரைக்கும் பாத்தேன்.”

வழவழ பேப்பரில் மடிப்பு நிற்காது. வெற்றிலையாக இருந்தால் நின்றிருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பு இதுதான் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நான் என் மகளிடம், ஏரோவையே முதலில் போட்டுவிடு ஆத்தா, அப்பா தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். அலுத்துப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு. பையிலிருந்து அந்த நீல நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

ஏரோ கல்லூரியின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: ‘ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூண்டுக்குள் நாற்காலி அடுக்கியிருக்கிறார்கள். இன்று காலை அந்த அக்காவிடம் போனில் கேட்டேன். அவர் சேர்ந்ததிலிருந்து அது ஒருநாளும் ஓடவில்லையாம். எந்த மிஷினும் சூடாக இல்லை.’ எதிர்ப் பக்கத்தில் மதுரைப் பக்கத்துக் கல்லூரி: ‘லீவு நாள். ஆனாலும் ஐந்து பேர் போட்டிக்கு வண்டி செய்துகொண்டிருந்தார்கள். லேத் மோட்டாரில் புறங்கையை வைத்தேன். சுட்டது. காய்ச்சலா என்று பார்க்கிறாயா என்று அங்கே இருந்த அண்ணன் கேட்டார். எங்கப்பா இப்படித்தான் பார்ப்பார் என்றேன்.’ அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, ‘மெக்கானிக்கல். இங்கேதான்’ என்று எழுதியிருந்தாள்.

படிக்கப் படிக்க எழுத்து மங்கியது. பதினொரு நாளாக எதையாவது தொட்டுக்கொண்டே வந்தாளே, கையை வைக்காதே என்று திட்டினேனே, அவள் என் வழியில்தான் பார்த்திருக்கிறாள். நான்தான் அந்த ஆறு கல்லூரியிலும் நாற்காலி தேடிக்கொண்டிருந்தேன்.

“காலைலயே முடிவு பண்ணிட்டேன்ப்பா. அம்மா பூக் கேக்கச் சொல்லுச்சு, அதுக்காகத்தான் வந்தேன். சிவப்பு வந்திருந்தாலும் ஒங்ககிட்ட இதக் காட்டி மெக்கானிக்கல்தான் எழுதிருப்பேன்” என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். “இனிமே இது நான் எடுத்த முடிவுன்னு ஆகாதுல்ல.”

அவள் கையை நீட்டினாள்.

“போனக் குடுங்க. நீங்க வெளிய இருங்க.”

கொடுத்துவிட்டு வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு வண்டி ஓரமாக நின்றேன். கால் மணி நேரம் கழித்து வந்தாள். அச்செடுத்த தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தாள். எதை முதலில் எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியை அந்தக் கீபோர்டு மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இட ஒதுக்கீடு வரும்வரை எத்தனை நாள் ஆனதோ, எனக்கு ஒரு வருடம் மாதிரி இருந்தது. அவள் என்னிடம் பேசினாள். சாப்பிட வாங்க, கரண்டு வந்துருச்சு, மாமா போன் பண்ணுனாக. அவ்வளவுதான். கோபத்தில் ஏரோவை முதலில் எழுதியிருப்பாளோ, அந்தப் பூட்டிய அறைக்கு நானே அவளை அனுப்பி வைத்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக்கல் என்று வந்தபோது என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி அழுதாள். சாமி வாக்குப் பலித்துவிட்டது என்றாள். நானும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கும்பிட்டோம். மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அம்மாவிடம் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் என் மனைவி அந்தக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறாள். விறகு, பானை எல்லாம் நான்தான் சுமந்துகொண்டு போகிறேன்.

கல்லூரியில் அவள் நன்றாகவே இருக்கிறாள். அந்த ஒர்க்‌ஷாப்பில் இப்போது அவள் கையால் செய்த சிறிய விமானங்கள் இரண்டு தொங்குகின்றனவாம். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எந்த முடிவுக்கும் அவள் என்னைக் கேட்டதில்லை. முடிவெடுத்த பிறகு சொல்வாள். சேர்ந்த முதல் மாதமே சொந்தமாக ஒரு சிம் கார்டு வாங்கி, எல்லா இடத்திலும் தன் எண்ணையே பதிந்துகொண்டாள். நான் மதுரைக்குப் பஸ் ஏறிப் போனால் மரியாதையாகச் சாப்பாடு வாங்கித் தருவாள், பஸ் ஏற்றிவிடுவாள். பக்கத்தில்தான் இருந்தாள். ஆனாலும் எட்டவே இருந்தாள்.

போன மாதம் ஒரு மதிய நேரம். மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான். மேற்படிப்புக்கு விமானத் துறையில் இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம். ஒன்று சென்னையில். இன்னொன்று வடக்கே, ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய ஊர். அதைச் சொல்லிவிட்டு, “ஒங்களுக்கு என்னப்பா தோணுது” என்று கேட்டாள்.

மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வேலைவாய்ப்பு, பாதுகாப்பு, மச்சான் சொன்னது என்று வாயில் நாலு வாக்கியம் தயாராக வந்து நின்றது. அதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“எனக்கு நீ பக்கத்துல இருக்கணும் ஆத்தா. வேற காரணம் ஒன்னும் இல்ல. அன்னைக்கும் இதான் காரணம்.”

புறங்கையை இன்னும் மோட்டார் மேலிருந்து எடுக்கவில்லை.

“சரிப்பா” என்றாள். “ஆனா நான் வடக்கதான் மொதல்ல எழுதப் போறேன். போயிப் பாத்துட்டேன். அங்கன எல்லாம் சூடா இருக்கு.”

எழுது ஆத்தா என்றேன். ஓடிபி அவள் போனுக்கே வந்திருக்கும்.

பக்கத்தில் இருக்க முடியாது என்று அவள் நேராகவே சொல்லிவிட்டாள், நானும் அதைக் கேட்டுக்கொண்டு மதியச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டேன். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டா அன்று சாமியையே பொய் சொல்ல வைத்தேன் என்று வழியில் அரளிச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.